பதம் பார்க்கிறவர்

"முதலாளி, ஒரு விஷயம்" என்று தொடங்கித் தொண்டையைச் செருமினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுமில்ல முதலாளி, ஒரு சின்ன விஷயம்" என்று மாற்றிப் பார்த்தார். சின்ன விஷயம் என்று சொன்னால் சின்னதாகத்தான் கிடைக்கும் என்று தோன்றவே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எதிரே மேசைமேல் இருந்த தாடை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிளாஸ்டர் தாடை. பல் கிடையாது. முதலாளிக்கு முதன்முதலாகப் பல்செட் செய்தபோது அவர் ஈறில் அச்செடுத்து வார்த்தது. அதைப் பசை டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். காலையில் மற்றவர்கள் வருமுன் வெளியே எடுத்து, துணியால் தூசி தட்டி, எதிரே உட்கார வைத்துச் சம்பள உயர்வு கேட்பார். தாடை இதுவரை ஒருமுறைகூட முடியாது என்று சொன்னதில்லை. அந்தத் தெம்பில்தான் அவர் நாளைத் தொடங்குகிறார்.

பொய்ப்பல் செய்யும் கூடம் அது. பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சுகளை டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். இங்கே பல் கட்டித் திருப்பி அனுப்புவார்கள். நீளமான ஒரு மேசை, அதன் மேல் சுடர் விளக்குகள், சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க யார் யாருடைய தாடைகளோ. கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி. மேசையின் நடுவில் இவர். இவருடைய வேலை மெழுகு. மெழுகைச் சுடரில் காட்டி இளக்கி, ஈறின் வடிவத்துக்கு வளைத்து, அதில் பல்லை வரிசையாகப் பதிக்க வேண்டும். இளகாத மெழுகு உடையும். அதிகம் இளகியது கையோடு வந்துவிடும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அது இவருடைய விரலுக்குத் தெரியும். விரலோடு நின்றிருந்தால் நல்ல வேலைக்காரர் என்ற பெயரோடு போயிருக்கும். இவர் அதைத் தத்துவமாக்கிவிட்டார்.

"எதுக்கும் ஒரு பதம் இருக்கு. மெழுகுக்கு ஒரு பதம், மனுஷனுக்கு ஒரு பதம். பதம் தெரியாம வாயைத் திறந்தா வேலையும் போகும், மானமும் போகும்."

சொல்லிச் சொல்லிப் பெயரே பதம் என்றாகிவிட்டது. முதலாளி "யோவ் பதம்" என்பார். மெருகு போடும் பெண் "பதம் அண்ணே" என்பாள். இவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

சம்பளம் கேட்பதில் பதம் கரை கண்டவர். கேட்டதில்லை, அது வேறு. கேட்கக்கூடாத சமயங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். வாரத் தொடக்கத்தில் கேட்கக்கூடாது, முதலாளி கடுகடுவென்று இருப்பார். வாரக் கடைசியில் கேட்கக்கூடாது, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார். மாதக் கடைசியில் கையில் காசு இருக்காது. மாத ஆரம்பத்தில் இப்போதுதானே கொடுத்தேன் என்பார். சாப்பாட்டுக்கு முன் பசி, பின் தூக்கம். வேலை குறைந்திருந்தால் வருமானம் இல்லை என்பார். வேலை நிறைந்திருந்தால் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. இதையெல்லாம் கழித்தபிறகு மிஞ்சும் ஒரு நல்ல வேளைக்காகப் பதம் காத்திருக்கிறார். மீன் வரட்டும் என்று கொக்கு காத்திருக்கும், அது நியாயம். குளமே வரட்டும் என்று காத்திருக்கிற கொக்கை என்ன சொல்வது?

முதலாளியின் மனநிலையை அளக்க அவரிடம் கருவி ஒன்று உண்டு. முதலாளியின் பல்செட் பழசு, தொளதொளவென்று ஆடும். பேசும்போது டக் டக் என்று அடித்துக்கொள்ளும். மெதுவாக அடித்தால் மனம் குளிர்ந்திருக்கிறது. வேகமாக அடித்தால் கிட்டே போகாதே. சத்தமே இல்லாவிட்டால் ஏதோ கணக்குப் போடுகிறார், அது இன்னும் ஆபத்து. பல்லி விழும் பலனைப்போல இதை வகுத்து வைத்துக்கொண்டு, "இன்னிக்குச் சத்தம் சரியில்ல" என்று மெழுகின் பக்கம் திரும்பிவிடுவார்.

வேலையை விடுவதிலும் அவர் தேர்ந்தவர். வருஷத்துக்கு ஒருமுறையாவது மேல்துணியைக் கழற்றி, நாலாக மடித்து, மேசைமேல் வைத்து, "போதும்டா சாமி. நான் கிளம்பிட்டேன்னா இந்த இடத்துல விளக்கு எரியாது" என்பார். பிறகு தண்ணீர் குடிப்பார். பிறகு மேல்துணியைப் பிரித்து மாட்டிக்கொள்வார். ஒரு சமயம் மஞ்சள் காமாலையில் படுத்து நெடுநாள் வரவில்லை. விளக்கு எரிந்தது. பல்லும் போனது வந்தது. திரும்பி வந்தவர் அலமாரியை ஒரு நோட்டம் விட்டுவிட்டு, "எல்லாம் நான் பழக்கி வச்ச பழக்கம். அதான் தானா ஓடுது" என்றார். முகத்தில் பெருமை வேறு.

இன்னொரு விசித்திரமும் சொல்ல வேண்டும். பல் கட்டுவதற்கு முன் கடி எடுக்க வேண்டும். மெழுகுத் திட்டை வாயில் வைத்து, நாக்கை மேலே மடித்துப் பின்னால் கொண்டுபோகச் சொல்லி, மெல்லக் கடிக்க வைத்து, மெழுகு இறுகும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். மேல்தாடை கீழ்த்தாடையோடு எந்த இடத்தில் சேர்கிறது என்பது அதில் பதியும். டாக்டர் செய்கிற காரியம்தான். ஆனால் இவர் கை நிதானமானது என்று சில டாக்டர்கள் இவரையே கூப்பிடுவார்கள். "கடிங்க" என்று நோயாளியிடம் சொல்லும்போது பதமும் கூடவே கடிப்பார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் தன் வாயைத் திறப்பதுபோல. நோயாளி வாயைத் திறந்தால்தான் இவர் வாயும் திறக்கும். மெருகுக்காரி ஒருமுறை கேட்டே விட்டாள்: "அண்ணே, பல்லு அவருக்கா உங்களுக்கா?"

இவரை இப்படியே விட்டிருக்கலாம். வீட்டுக்காரர் விடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வாடகை கூட என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். தராவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி காலை மிதிப்பிலிருந்து எடுத்தாள். அவள் காலை எடுத்தால் பேச்சு நீளும்.

"கேளுங்க. இந்த வாரம் கேளுங்க."

"பதம் பாத்துதான் கேக்கணும். எடுத்தேன் கவுத்தேன்னு..."

"வீட்டுக்காரன் பதம் பாத்தா ஏத்துனான்? வாசல்ல செருப்பைக் கூடக் கழட்டல. சொன்னான், போயிட்டான்."

"அவன் முரடன்."

"முரடனுக்குக் காசு வருது. நமக்குப் பதம் வருது. அதை உலையில போட முடியுமா?"

அத்தோடு நிற்கவில்லை. அவளுடைய அண்ணன் டாக்டர்களுக்கும் பல் கூடங்களுக்கும் இடையே டப்பாக்கள் கொண்டுபோகிறவர். மறுநாளே பதத்தை வழியில் மடக்கினார்.

"மாப்ள, ஊருக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு கூடம் திறந்திருக்காங்க. மெழுகோ மெருகோ, கை பழகின ஆள் ஒருத்தர் வேணுமாம். சம்பளம் நல்லாவே தர்றாங்க. உங்க பேரைச் சொல்லி வச்சிருக்கேன். சனிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லணும்."

"யோசிச்சுச் சொல்றேன் மச்சான்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சரின்னா சரி."

பதம் யோசிக்கத் தொடங்கினார். புது இடம். புது மெழுகு. அங்கே முதலாளிக்குச் சொந்தப் பல்லாக இருந்தால் மனநிலை எப்படித் தெரியும்?

அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் முதலாளியின் பல்செட் இரண்டாக உடைந்தது. ஏதோ கடினமானதைக் கடித்திருக்கிறார். பசை போட்டு ஒட்டி மாட்டிக்கொண்டு வந்தவர் கண்ணாடி அறையிலிருந்து கூப்பிட்டார். "யோவ் பதம், எனக்கு ஒரு செட் கட்டு. கடியும் நீயே எடு. நம்ம கடையில ஆள் இருக்கும்போது டாக்டருக்கு எதுக்குத் தண்டம் அழணும்?" கருமி என்றால் அப்படி ஒரு கருமி. தன் வாய்க்குக்கூடக் காசு செலவழிக்க மாட்டார். பதத்துக்கோ, அந்தக் கணமே கண் முன்னால் வானம் திறந்தது. முதலாளியின் வாயில் மெழுகு இருக்கும். நாக்கு மடிந்திருக்கும். கேட்கலாம். முடியாது என்று சொல்ல முடியாது. இத்தனை வருஷம் தேடிய வேளை இதுதான். இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு யாருக்காவது வந்திருக்குமா என்று நினைத்துப் பார்த்து அவருக்கே புல்லரித்தது.

வியாழக்கிழமை முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பதம் மெழுகுத் திட்டைச் சுடரில் காட்டி இளக்கி உள்ளே வைத்தார். "நாக்கை மேல மடிங்க. பின்னால. அப்படித்தான். மெல்லக் கடிங்க." முதலாளி கடித்தார். பதமும் கடித்தார். ஆனால் பேச வேண்டியிருந்ததால் பல்லைக் கடித்தபடியே பேசினார்.

"முதலாளி, ஒரு விஷயம். சம்பளம் கொஞ்சம் ஏத்திக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும். வாடகை ஏறிடுச்சு."

முதலாளியின் கண் அகன்றது. தாடை பதத்தின் கைக்குள்ளேயே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. "ம்ம்." மெழுகு இறுகியது.

வெளியே எடுத்ததும் முதலாளியின் போன் அடித்தது. எந்த டாக்டரோ பாக்கியைப் பற்றிப் பேசினார். முதலாளி பழைய பல்லை மாட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தார். பதம் மெழுகைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். பார்த்த உடனே தெரிந்தது. மேல் நடுக்கோடு ஒரு பக்கம், கீழ் நடுக்கோடு ஒரு பக்கம். நேற்று வேலைக்கு வந்தவன்கூட இதை உருக்கிவிட்டு மறுபடி எடுப்பான். மறுபடி எடுத்தால் முதலாளியின் எதிரே மறுபடி போய் நிற்க வேண்டும். நின்றால் அவர் பேசுவார். பேசினால் என்ன சொல்வாரோ? பதம் அந்தக் கடியையே கீல்கருவியில் ஏற்றினார். இரண்டு தாடைகளையும் வாய்போலத் திறந்து மூடப் பொருத்துகிற கருவி அது. பிளாஸ்டர் ஊற்றிக் கெட்டிப்படுத்தினார். பிறகு மெருகுச் சக்கரத்தின் பக்கம் திரும்பி, கைகளைத் துடைத்துக்கொண்டே அறிவித்தார்.

"கேட்டுட்டேன்."

மெருகுக்காரி சக்கரத்தை நிறுத்தி முகமூடியை இறக்கினாள். மூக்குக்கு மேலே தூசி, கீழே சுத்தம். "என்ன சொன்னாரு?"

"ம்ம்-னாரு."

"சரிங்கற ம்ம்-ஆ, போங்கற ம்ம்-ஆ?"

"வேண்டாம்னா கத்தியிருப்பாரே. அவர் கத்தல."

"வாயில என்ன இருந்துச்சு?"

பதம் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் எழுந்து வந்து கீல்கருவியைக் குனிந்து பார்த்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"அண்ணே, இது முடியாதுன்னு சொன்ன கடி."

"உனக்கு மெருகு தெரியும். கடி தெரியாது. போய் வேலையைப் பாரு."

அன்று சாயங்காலம் மச்சானுக்குப் போன் போட்டார். நாலு பேர் காதில் விழும்படி பேசினார். "இங்க ஏத்திக் குடுக்கறதா ஆயிடுச்சு மச்சான். என்னை விடமாட்டேங்கறாங்க. ஆமா, முதலாளி வாயாலயே. வேற ஆளைப் பாக்கச் சொல்லிடுங்க." மறுமுனையில் மச்சான் ஏதோ திட்டியிருக்க வேண்டும். பதம் சிரித்தபடியே போனை வைத்தார்.

மெருகுக்காரி கேட்டாள்: "நீங்க வேண்டாம்னுட்டீங்களா? அப்ப அந்த இடத்துக்கு நான் போகட்டுமா அண்ணே?"

பதத்துக்கு அவ்வளவு பெருந்தன்மை வந்த நாள் வேறு இல்லை. மச்சானின் போன் எண்ணைக் கொடுத்தார். புத்திமதியும் கொடுத்தார். "பேசு. ஆனா அவசரப்படாத. இங்க முதல்ல கேட்டுப் பாரு. பதம் பாத்துக் கேளு. ஒரு ரெண்டு மூணு மாசம் பொறுத்து..." அவள் அதற்குள் எண்ணை அழுத்திவிட்டாள்.

வீட்டில் மனைவியிடமும் முதலாளி ம்ம் என்றார் என்பதைச் சொன்னார். மெழுகைச் சொல்லவில்லை. அவள் மிதிப்பில் காலை வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தி, "எவ்வளவுன்னு கேட்டீங்களா?" என்றாள். பதம் குளிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை. பல் வரிசை மெழுகில் தயாராக இருந்தது. கோணல் கடிக்கு ஏற்ப அத்தனை பல்லையும் கோணலாக, அழகாகப் பதித்திருந்தார். முதலாளியின் வாயில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. சத்தம் எப்படி இருக்கிறது என்று கண்ணாடி அறைக்கு வெளியே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். மெருகுக்காரி அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். முகமூடி கழுத்தில் தொங்கியது. நாளும் பார்க்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை.

"சார், அடுத்த மாசத்துலேர்ந்து எனக்குச் சம்பளம் கூட வேணும்."

டக்டக்டக் என்று அடித்தது. வெளியே பதம் கண்ணை மூடிக்கொண்டார்.

"முடியாதும்மா."

"சரி சார். அப்ப இந்த மாசத்தோட நின்னுக்கறேன்."

சத்தம் நின்றது. "எங்க போற?"

"வேற இடம் கிடைச்சிருக்கு."

"இரு இரு. எதுக்கு இப்படிப் பறக்கற? உக்காரு. ஏதோ கொஞ்சம் பாத்துப் போடறேன். பேசலாம்."

"பேசியாச்சு சார். முடியாதுன்னீங்க. அங்க சரின்னுட்டாங்க."

அவ்வளவுதான். பதம் அங்கே வந்து நின்றபோது சுடரிலிருந்து அப்போதுதான் எடுத்த மெழுகுக்கத்தி கையில் இருந்தது. அது இன்னும் ஆறவில்லை. அவள் வெளியே வந்து தன் இடத்துக்குப் போகும் வழியில், "தேங்க்ஸ் அண்ணே. நீங்க விட்டுக் குடுக்கலன்னா கிடைச்சிருக்காது" என்றாள். கேலி இல்லாமல்தான் சொன்னாள். அதுதான் பதத்துக்கு உறைத்தது. இன்னொன்றும் உறைத்தது. ஏதோ கொஞ்சம் பாத்துப் போடறேன். இத்தனை வருஷமாகப் பிளாஸ்டர் தாடையிடம் அவர் கேட்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

"யோவ் பதம், பல்லைக் கொண்டா."

கொண்டுபோனார். பழைய செட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்ததும் முதலாளியின் முகம் ஒரு பக்கம் வீங்கியதுபோல ஆனது. கடித்தார். வலது ஓரத்தில் இரண்டு பல் முட்டின. இடது பக்கம் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்.

"என்னய்யா இது? வாய் ஒரு பக்கமா ஓடுது?"

"அன்னிக்குக் கடிக்கும்போது... நீங்க கொஞ்சம் அசைஞ்சிட்டீங்க முதலாளி."

"அசையாம? வாயில மெழுகைத் திணிச்சுட்டுச் சம்பளம் கேட்டா மனுஷன் எப்படிய்யா முடியாதுன்னு சொல்றது?"

முதலாளி கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"முடியாதுன்னுதானே சொன்னேன். புரியலையா உனக்கு?"

"ம்ம்-னு கேட்டுச்சு."

"அது என் தப்பா?" முதலாளி கோணல் பல்லைத் துப்பாத குறையாக வெளியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பல் இல்லாத வாய் குழிவிழுந்து, கிழவனாகி, பேச்சு காற்றாக வந்தது. "பழசும் எத்தனை நாள் தாங்குமோ, ஒட்டு மறுபடி விடற மாதிரி இருக்கு. மெருகுக்கு ஆளும் போகுது. உன்னை விட்டா இப்ப எனக்கு யாரு இருக்கா? மறுபடி எடு. இன்னிக்கே எடு."

உன்னை விட்டா யாரு இருக்கா. அதை முதலாளி தன் வாயாலேயே சொன்னார். மெழுகு இல்லாத வாய். இதைவிட நல்ல பதம் மெழுகுக்கும் வராது, மனுஷனுக்கும் வராது. அது பதத்துக்கும் தெரிந்தது. மெழுகு உருகும் வாசனைபோல அந்த நல்ல வேளை அறை முழுக்க இருந்தது. அவருடைய விரல்கள்கூட ஒருமுறை ஒன்றோடொன்று உரசிப் பார்த்துக்கொண்டன.

சட்டைப்பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தார். மனைவி. உள்ளே போட்டுக்கொண்டார். அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

புதிய மெழுகைச் சுடரில் காட்டினார். திருப்பினார். காட்டினார். முதலாளி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கப்போனவர், நிறுத்தி, ஒரு விரலைத் தூக்கினார்.

"இந்தா பாரு. ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லித் தொலை. உள்ள வச்சப்புறம் வாயைத் திறக்காத. மறுபடி கோணிக்கும்."

கண்ணாடிக்கு வெளியே மெருகுச் சக்கரம் நின்றிருந்தது. அவள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல முதலாளி" என்றார் பதம். "நாக்கை மேல மடிங்க. பின்னால. கடிங்க."

முதலாளி கடித்தார். பதமும் கடித்தார். தாடையைத் தாங்கிய கை அசையவில்லை. மெழுகு நேராக, மிக நேராக இறுகியது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேல் நடுக்கோடும் கீழ் நடுக்கோடும் ஒரே கோடாக இருந்தன. முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டு, "போன் அடிக்குது பாரு, எடுத்துப் பேசேன்யா" என்றார். பதம் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். "என்னங்க? ஹலோ? கேக்குதா?" என்று மனைவியின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. அவருடைய பற்கள் இன்னும் பிரியவில்லை. கன்னத்துச் சதை மட்டும் ஒருமுறை மேலும் கீழும் போய் வந்தது.